சைக்கிள் பம்பு: ஊதலாம், அடைக்கலாமா?

வீட்டுல சைக்கிள் இல்லாட்டாலும் சைக்கிள் பம்பு ஒண்ணு இருக்கணும். இது என் கட்சி. அருவாமனை, சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் வரிசையில அதுக்கும் ஒரு ஆணி அடிச்சு மாட்டி வைக்கணும்னு சொல்ற ஆளு நான். ஆனா இப்ப யூட்யூப்லயும் வாட்ஸப்புலயும் "சைக்கிள் பம்பை வெச்சு பத்து வேலை"ன்னு சுத்துற வீடியோக்களைப் பார்த்தா வயித்தைக் கலக்குது. பத்துல ஏழு நல்ல வேலை, மிச்சம் மூணு ஆஸ்பத்திரி வேலை. எது எந்தப் பக்கம்னு அந்த மவராசனுங்க சொல்றதே இல்ல. அதான் இந்தப் பதிவு.

முதல்ல நல்ல பக்கம்.

கேஸ் அடுப்பு பர்னர் ஓட்டை அடைச்சுக்கிச்சுன்னா, பர்னரைத் தனியாக் கழட்டி வாசல்ல வெச்சு நாலு அடி அடிச்சா போதும், கரி தூள் தூளா வெளிய வரும். (அடுப்புல இருக்கும்போதே, சிலிண்டர் மாட்டினபடியே அடிக்கிற வேலை வேணாம் சாமி.) தையல் மிஷின் ஷட்டிலுக்குள்ள சேர்ற பஞ்சு, மிக்ஸிக்கு அடியில இருக்குற காத்து ஓட்டை, ஃபிரிட்ஜுக்குப் பின்னால ஒட்டடை, கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள தூசு, எல்லாத்துக்கும் கரண்டைப் பிடுங்கிட்டு பம்பு அடிச்சா ஜம்முனு சுத்தமாயிடும். சொட்டுநீர்ப் பாசனக் குழாயில மண்ணு அடைச்சா, முனையைத் தொறந்து விட்டு இந்தப் பக்கமிருந்து ஊதலாம். உப்புப் படிஞ்சு அடைச்சிருந்தா பம்புக்கு மசியாது, அதுக்கு ஆசிட் கரைசல்தான் வழி.

ஒரு சின்ன எச்சரிக்கை: பம்புக்குள்ள எண்ணெய் இருக்கும். துணி, எலக்ட்ரானிக் சாமான் மேல அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் துணி மேல ரெண்டு அடி அடிச்சுப் பாருங்க. புள்ளி விழுந்தா மொதல்ல பம்பைத் துடைங்க.

எங்க பக்கம் பம்போட அருமை தெரிஞ்சது கரண்டு இல்லாத நாள்கள்லதான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. பண்ருட்டி பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்பம் எல்லாம் படுத்துடுச்சு, நாள் கணக்குல இருட்டு. அந்த நேரத்துல எங்க தெருவுல மீன் தொட்டி வெச்சிருந்த ஒரு வீட்டுல, சைக்கிள் பம்பு முனையில காத்துக் குழாயைச் சொருகி, பிள்ளைங்க முறை வெச்சுப் பம்பு அடிச்சு மீனைக் காப்பாத்தினாங்க. அடுத்து 2012ல மணிக்கணக்கு மின்வெட்டு. பக்கத்துலயே நெய்வேலி, அங்க ராத்திரி பூரா வெளிச்சம். இங்க கம்மாபுரத்துல நாங்க விசிறி. அதைப் பத்தி எழுதினா தனிப் பதிவு ஆயிடும், விட்டுடறேன் :-)

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

"வைதேகி காத்திருந்தாள்" (1984) பார்த்திருப்பீங்க. ஆல் இன் ஆல் அழகுராஜா, சைக்கிள் கடையில பெட்ரோமாக்ஸ் லைட்டும் வாடகைக்கு விடுவார். மேண்டில் காமெடிக்குச் சிரிச்சோம், சரி. சைக்கிள் கடையில லைட்டுக்கு என்ன வேலைன்னு யோசிச்சோமா? நெஜத்துலயும் ஊர் ஊருக்கு அப்படித்தான் இருந்துச்சு. காரணம் ரொம்ப சிம்பிள். ரெண்டும் ஒரே பம்பு. சைக்கிள் பம்புக்குள்ள கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர். பெட்ரோமாக்ஸ் லைட்டுக்குள்ளயும் அதே ஜாதி வாஷர், கொஞ்சம் சின்னது. மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ்வுக்குள்ளயும் அதேதான். வாஷர் காஞ்சு போனா எண்ணெய்ல ஊற வெச்சு, விரலால விரிச்சு விட்டு மறுபடி மாட்டணும். இந்த ஒரு கைவேலை தெரிஞ்சவன் மூணு சாமானையும் ரிப்பேர் பண்ணுவான். பம்பு ஸ்டவ்வை ஸ்வீடன்காரர் லிண்ட்க்விஸ்ட் 1892ல பிரைமஸ்னு கொண்டு வந்தார், பெட்ரோமாக்ஸ் ஜெர்மனியில மாக்ஸ் கிரேட்ஸ் செஞ்சது. அங்க தனித்தனியா பொறந்ததை எல்லாம் நம்ம ஊர் சைக்கிள் கடைக்காரர் ஒரே பலகையில உக்கார வெச்சு ரிப்பேர் பார்த்தார்.

ஆக, சைக்கிள் பம்பை வேற வேலைக்குத் திருப்பறது இன்டர்நெட்காரங்க கண்டுபிடிச்ச புதுசு இல்ல. நம்ம ஊர்ல அது பழைய சமாச்சாரம். ஆனா அந்தக் காலத்துக் கடைக்காரருக்குத் தெரிஞ்சிருந்த ஒரு விதி இப்ப வீடியோ போடறவங்களுக்குத் தெரியல. அந்த விதி இதுதான்: எதிர்முனை தொறந்திருந்தா ஊது. மூடியிருந்தா, அது அழுத்தம் தாங்கறதுக்குன்னே செஞ்ச சாமானான்னு கேளு.

பர்னர், தையல் மிஷின், மீன் தொட்டி எல்லாம் தொறந்த முனை. காத்து வந்த வேகத்துல வெளிய போயிடும். சைக்கிள் ட்யூபு, ஃபுட்பால், பம்பு ஸ்டவ், பெட்ரோமாக்ஸ், கைத்தெளிப்பான் இதெல்லாம் மூடின சாமான், ஆனா அழுத்தத்துக்குன்னே செஞ்சது. பிரச்சினை மூணாவது ஜாதியில: பழைய எண்ணெய் டின், பெயிண்ட் டப்பா, பிளாஸ்டிக் கேன், மருந்து டப்பா. இதுல வால்வைப் பொருத்தி, பம்பு அடிச்சு, "வீட்டிலேயே ஸ்பிரேயர்", "வீட்டிலேயே ஷவர்"னு காட்டறாங்க பாருங்க, அதைத்தான் சொல்றேன்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பயப்படாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான். 15 கிலோ எண்ணெய் டின்னோட ஒரு பக்கம் ஏறக்குறைய 23 செ.மீ.க்கு 35 செ.மீ. பெருக்கினா சுமார் 800 சதுர செ.மீ. உள்ள வெறும் அரை கிலோ அழுத்தம் (சதுர செ.மீ.க்கு) ஏத்தினாலே அந்த ஒரு பக்கத்து மேல 400 கிலோ! ஆறு பேர் அந்தத் தகரத்து மேல ஏறி நிக்கிற மாதிரி. அரை கிலோ அழுத்தம்ங்கறது 7 பி.எஸ்.ஐ.தான். சாதா சைக்கிளுக்கு நாம 40 பி.எஸ்.ஐ. அடிக்கிறோம், கை வலிச்சாலும் அடிக்கிறோம்.

அப்ப சைக்கிள் ட்யூபு மட்டும் எப்படித் தாங்குது? அது ஒல்லி. உருண்டையான சாமான்ல சுவர் மேல விழுற இழுப்பு, அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கினா வர்றது. ட்யூபோட ஆரம் ரெண்டு செ.மீ. சுமார். அதுக்கு மேல நூல் வெச்சு நெஞ்ச டயர் வேற இறுக்கிப் பிடிக்குது. பெரிய டப்பாவுக்கு இது ரெண்டும் கிடையாது. தட்டையான தகரம்னா கேக்கவே வேணாம்.

இன்னொண்ணு. தண்ணி அடைச்சு வெடிக்கறதும் காத்து அடைச்சு வெடிக்கறதும் ஒண்ணு இல்ல. தண்ணி அமுங்காது, அதனால சின்ன விரிசல் விட்டதும் அழுத்தம் பொசுக்குனு எறங்கிடும். காத்து சுருங்கி உக்காந்திருக்கும், ஸ்பிரிங் மாதிரி. விரிசல் விட்டா மொத்தமும் ஒரே நேரத்துல விரியும். கேஸ் சிலிண்டரை அப்பப்ப பரிசோதனை பண்றப்ப தண்ணி நிரப்பித்தான் அழுத்தம் கொடுப்பாங்க. விவரம் தெரிஞ்சவங்களே அவ்வளவு ஜாக்கிரதையா இருக்காங்க, நாம மொட்டை மாடியில நின்னு பூச்சி மருந்து டப்பாவுக்குக் காத்து அடிக்கலாமா? வெடிச்சா தகரம் மட்டும் இல்ல, மருந்தும் சேர்ந்து மூஞ்சிக்கு வரும்.

அழுத்தத்தைப் பத்தி எங்க ஊர்க்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்குக் கீழ இருக்குற நிலத்தடி நீர், சதுர செ.மீ.க்கு 6லேர்ந்து 8 கிலோ அழுத்தத்துல மேல தள்ளுது. ராத்திரி பகல்னு பாக்காம பம்பு போட்டு அந்தத் தண்ணியை எடுத்துக்கிட்டே இருந்தாத்தான் சுரங்கம் நிக்கும், இல்லன்னா தரையே பொத்துக்கிட்டு வரும். 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் கிணறு தோண்டறப்ப கருப்பா வந்துச்சே, அந்தக் கதையில தண்ணியும் தானா பொங்கிச்சுங்கறதுதான் பாதி. மூடி வெச்ச அழுத்தம்னா என்னன்னு நம்ம காலுக்குக் கீழயே இருக்கு. ஆனா பள்ளிக்கூடத்துல எட்டாங்கிளாஸ்ல அழுத்தம் = விசை / பரப்புன்னு மனப்பாடம் பண்ணிட்டு, வீட்டுக்கு வந்து டின்னுக்குக் காத்து அடிக்கிறோம்.

இதுல எனக்குப் பெரிய ஆதங்கம் ஒண்ணு இருக்கு. 1980கள்ல பேப்பரைப் பிரிச்சா "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி"ன்னு செய்தி. அதுல எத்தனை ஸ்டவ்வோட தப்பு, எத்தனை புகுந்த வீட்டோட வேலைன்னு கேள்வி எழுந்து எழுந்துதான், 1986ல வரதட்சணைச் சாவுக்குன்னு 304-பி பிரிவே கொண்டு வந்தாங்க. இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல அது 80ஆவது பிரிவு. சாமான் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாத ஊர்ல, "ஸ்டவ் வெடிச்சிருச்சு"ன்னு சொன்னா எல்லாரும் தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. "பம்பு ஸ்டவ்வா, திரி ஸ்டவ்வா? திரி ஸ்டவ்வுல அழுத்தம் ஏத்தற வேலையே கிடையாதே, எப்படி வெடிச்சுது? காத்து விடற திருகு தொறந்திருந்துச்சா?"ன்னு கேக்கத் தெரிஞ்ச ஒரு சித்தப்பாவோ அத்தையோ அந்த வீட்டுல இருந்திருந்தா? ஒரு வாஷரைப் பத்தின அறிவு, அவ்வளவுதான். அதுகூட சில நேரம் நியாயத்துக்கு சாட்சி ஆகும்.

சரி, "கை பம்பு எதுக்குங்க, இப்பதான் சார்ஜ் போட்டு அடிக்கிற குட்டி மிஷின் வந்துடுச்சே"ன்னு கேப்பீங்க. வாங்குங்க, தப்பில்ல. ஆனா ஒரு வித்தியாசம். கை பம்புல அழுத்தம் ஏற ஏறக் கை கனக்கும், அடிப்பாகம் சுடும். உங்க தோளே ஒரு மீட்டர். "போதும்டா"ன்னு உடம்பே சொல்லும். மிஷினுக்குத் தோள் கிடையாது. பட்டனை அமுக்கிட்டு நீங்க டீ குடிக்கப் போயிடலாம். ட்யூபுக்கு அது வசதி. டப்பாவுக்கு அது வில்லங்கம். இன்னும் பெரிய கம்ப்ரசர்னா சொல்லவே வேணாம். வேலை செய்யற இடத்துல விளையாட்டா ஒருத்தன் உடம்புல காத்துக் குழாயை வெச்சு, குடல் கிழிஞ்சு உயிர் போன செய்தி நம்ம நாட்டுல ஒண்ணு ரெண்டு இல்ல. கை பம்போ மிஷினோ, காது, மூக்கு, உடம்பு பக்கமே கொண்டு போகக் கூடாது. பிள்ளைங்களுக்கு முதல்ல சொல்ல வேண்டியது இது.

அப்ப பரிசோதனையே பண்ணக் கூடாதான்னா, தாராளமா பண்ணுங்க, அடிக்கறதுக்குப் பதிலா இழுங்க! பம்பைப் பிரிச்சுத் தோல் வாஷரைத் தலைகீழாத் திருப்பி மாட்டி, குழாய் முனையில காத்து பம்புக்குள்ள மட்டும் வர்ற மாதிரி ஒரு வால்வ் வெச்சா, அதே பம்பு காத்தை உறிஞ்சும். இதுல ஒரு நிம்மதி: எவ்வளவு பலசாலி இழுத்தாலும் வெளிக்காத்து அழுத்தத்துக்கு மேல, அதாவது சதுர செ.மீ.க்கு ஒரு கிலோவுக்கு மேல வித்தியாசம் வராது. அடிக்கறதுக்குத்தான் எல்லை இல்ல. (மெல்லிசான கண்ணாடி பாட்டில் மட்டும் வேணாம், உள்பக்கமா நொறுங்கும்.) அரவிந்த் குப்தாவைத் தெரிஞ்சிருக்கும், 2018ல பத்மஸ்ரீ வாங்கினவர். பழைய ஃபிலிம் டப்பாவையும் சைக்கிள் ட்யூபுத் துண்டையும் வெச்சுப் பிள்ளைங்களைப் பம்பு செய்ய வெச்சார். செலவு ஒண்ணும் இல்ல, வால்வ்னா என்னன்னு ஜென்மத்துக்கும் மறக்காது.

தமிழ்நாட்டுல வருஷா வருஷம் பதினோராம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்குது. நல்ல திட்டம், பொண்ணுங்க படிப்புக்கு அது பண்ணின உதவியைக் கண்ணால பார்க்கிறோம். என் ஆசை என்னன்னா, சைக்கிள் கொடுக்கற அன்னிக்கே ஒரு பீரியடு பம்புக்கு ஒதுக்கணும். பிரிச்சுக் காட்டு, வாஷரைத் தொட்டுப் பாக்கச் சொல்லு, அடிச்சா ஏன் சுடுதுன்னு கேளு, எதுல அடிக்கலாம் எதுல அடிக்கக் கூடாதுன்னு அந்த டின் கணக்கைப் போர்டுல போடு. நாப்பது நிமிஷம் போதும். புத்தகத்துல இருக்குற பாயில் விதி அன்னிக்குக் கைக்கு வந்துடும்.

கண்டதுக்கும் பம்பைப் பயன்படுத்துங்க மக்களே, நான் தடுக்கல. முனையை மட்டும் ஒரு தடவை பார்த்துக்குங்க. உங்க வீட்டுல பம்பு வேற என்ன வேலை பார்க்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. தொறந்த முனை வேலையா இருந்தா அப்படியே சுட்டு எங்க வீட்டுலயும் செஞ்சு பார்க்கிறேன் :-)