சுவர்க்கோழிக்கு வயல் மருந்து அடிக்கலாமா?

கேள்வி: மழை தொடங்கியதில் இருந்து வீட்டுச் சுவர் இடுக்கிலும் சமையலறையிலும் சுவர்க்கோழிகள் இரவு முழுக்கக் கத்துகின்றன. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. இவை கடிக்குமா, நோய் பரப்புமா? நெல்லுக்கு அடித்த பூச்சிமருந்து கொஞ்சம் மீதம் இருக்கிறது. அதைச் சுவர் ஓரம் தெளிக்கலாமா?
- வாசகி ஒருவர், மன்னார்குடி.

பதில்: தெளிக்கவே கூடாது. சுவர்க்கோழியால் குழந்தைக்கு ஆபத்து இல்லை. அந்த மருந்தால்தான் ஆபத்து.

சுவர்க்கோழிக்குக் கொடுக்கும் இல்லை, விஷமும் இல்லை. கொசுவைப் போல இரத்தம் குடித்து நோய் பரப்புவதும் இல்லை. பெண் பூச்சியின் பின்பக்கம் ஊசி போல நீண்டிருப்பதைக் கொடுக்கு என்று நினைத்துச் சிலர் பயப்படுவார்கள். அது ஈரமண்ணில் முட்டையிடுவதற்கான உறுப்பு. கத்துவது ஆண் பூச்சி மட்டுமே. பெண்ணை அழைப்பதற்காக முன்இறக்கைகளை ஒன்றோடு ஒன்று உரசி அந்த ஒலியை எழுப்புகிறது. வீடே அதிர்வது போலக் கேட்டாலும் உள்ளே இருப்பது ஒன்றோ இரண்டோதான் என்பதும் உண்டு.

சிந்திய சோறு, அழுகிய இலைதழை, செத்த பூச்சிகள் ஆகியவையே இதன் உணவு. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த பருத்தி, பட்டுத் துணிகளையும் காகிதத்தையும் சில சமயம் அரிக்கும். துணிகளைத் துவைத்து, காயவைத்து, மூடிய பெட்டியில் வைத்தால் போதும்.

வயலில் தெளிக்கும் மருந்து வெயிலிலும் மழையிலும் படிப்படியாக வீரியம் இழக்கும். வீட்டுக்குள் வெயிலும் மழையும் படாததால் தரையிலும் சுவரிலும் அதிக நாள் தங்கும். தரையைத் தொட்ட கையைக் குழந்தை வாயில் வைக்கும். மருந்து பட்ட பூச்சியைக் கோழி கொத்தும். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டப் பள்ளி ஒன்றில், மதிய உணவு சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்ததால் 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். வயல் மருந்து சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சுவர்க்கோழியைக் குறைக்கச் செய்ய வேண்டியவை:

* விறகு, செங்கல், தேங்காய் மட்டைக் குவியலைச் சுவரை விட்டுத் தள்ளி அடுக்கவும்.
* சுவர் விரிசல்களைச் சிமென்ட் பூசி அடைக்கவும். சாக்கடைத் துளைக்கு வலை போடவும்.
* வாசல் விளக்கை இரவில் தேவைக்கு மட்டும் எரிக்கவும். வெளிச்சம் பூச்சிகளை இழுக்கும்.
* வெல்லக் கரைசல் ஊற்றிய டம்ளரை வீட்டுக்கு வெளியே மண்ணில் வாய்மட்டம் வரை புதைத்து வைத்தால் பூச்சிகள் விழும். குழந்தை கைபடாத இடமாக இருக்கட்டும்.
* பகலில் கோழிகளை மேயவிட்டால் குப்பையைக் கிளறி இவற்றைத் தின்றுவிடும்.

வயலில் கவனிக்க வேண்டியது இதன் உறவான பிள்ளைப்பூச்சியை. மண்ணைத் துளைத்து, நெல் நாற்றின் வேரையும் தண்டின் அடியையும் கடித்துவிடும். நாற்றங்காலில் தண்ணீர் கட்டினால் வளையை விட்டு வெளியே வரும். கொக்கும் மைனாவும் பொறுக்கிக்கொள்ளும்.

மீதமுள்ள மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்ற வேண்டாம். லேபிளுடன் அதே பாட்டிலில், வீட்டுக்கு வெளியே பூட்டி வைக்கவும். தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழைக்கவும். மருந்து பாட்டிலையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் தாமதமின்றிச் சிகிச்சை தொடங்க முடியும்.