பொன்னும் தேயும்

தவக்காலம் முடிந்து பாஸ்குத் திருவிழாவும் கடந்ததும், நம் பங்குகளில் திருமண ஓலைகள் வாசிக்கப்படத் தொடங்குகின்றன. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களிலிருந்து நம் குடும்பங்கள் யானைக்கவுனிப் பக்கம் நகை வாங்க வருவதும் அக்காலத்தில்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை இயங்கியதால் தங்கசாலை எனப் பெயர் பெற்ற தெருவும், அதனை அடுத்த சௌகார்பேட்டையும் இன்றும் பொன் வாணிகத்தின் இருப்பிடங்களாக விளங்குகின்றன. வாங்குவதற்குக் கடை கடையாய் ஏறி இறங்கும் நாம், வாங்கியதைக் காப்பது எப்படி என்று எண்ணிப் பார்க்கின்றோமா?

பொன் துருப்பதில்லை. ஆகவே அதற்கு அழிவில்லை என்று நாம் கருதிவிடுகின்றோம். ஆனால் அது மென்மையான உலோகம், தேயக்கூடியது. பொற்கொல்லர் பட்டறையில் கூட்டியெடுக்கும் குப்பையையும் விலைகொடுத்து வாங்குவோர் உண்டு என்பதே இதற்குச் சான்று. நாம் அணியும் 22 காரட் நகையில் ஆயிரம் பங்குக்கு 916 பங்கே பொன். 8 கிராம் சவரனில் ஏறத்தாழ 7.33 கிராம் பொன். எஞ்சியது செம்பும் வெள்ளியும் போன்ற கலப்பு. கறுப்பதும் அரிபடுவதும் பெரும்பாலும் இக்கலப்பும், நகையில் பற்றவைத்த இடங்களுமே.

எனவே நகைகளை ஒரே பெட்டியில் குவித்து வைத்தல் தகாது. வைரமும் கெம்பும் பொன்னைக் கீறும்; முத்தையோ எளிதில் கெடுத்துவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனி மெல்லிய துணியில் சுற்றி வைப்பது நலம். சங்கிலியின் கொக்கியையும், தோட்டின் திருகாணி மரையையும் ஆண்டுக்கொரு முறையேனும் நம்பிக்கையான ஆசாரியிடம் காட்டுங்கள். நகை காணாமற்போவது பெரும்பாலும் தேய்ந்த கொக்கியால்தான். ஆனால் பழி வீட்டு வேலைக்காரப் பெண்மீது விழுந்துவிடுகிறது. நகையைக் காப்பதில் அயலாரின் நற்பெயரைக் காப்பதும் அடங்கியிருக்கிறது.

கல் பதியாத பொன் நகையைத் துலக்கப் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரும் மென்மையான தூரிகையும் போதும். பற்பொடி கீறல் உண்டாக்கும். வெளுப்புத்தூளிலுள்ள குளோரின் கலப்பு உலோகத்தையும் பற்றவைப்பையும் அரிக்கும். முத்துக்கு எலுமிச்சைச் சாறும் வினிகரும் பகை; ஈரத் துணியால் துடைத்தலே போதும். மரகதத்தை வெந்நீரில் இடலாகாது. உடைந்த காய்ச்சல்மானியின் பாதரசம் பட்டால் பொன் வெளிறிக் கெட்டுவிடும். தொழிற்சாலைப் புகையிலும், பக்கிங்காம் கால்வாயின் நாற்றத்திலும் உள்ள கந்தகமே நம் வீட்டு வெள்ளிச் செபமாலையைக் கறுக்கச் செய்கிறது. காற்றுப் புகாத உறையில் வைத்தால் கறுப்பது குறையும்.

வாசலுக்கு வந்து, "நகைக்கு மெருகு போட்டுத் தருகிறேன் அம்மா" என்பாரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த இராஜதிராவகம் பொன்னைக் கரைக்க வல்லது. நகை பளபளவென்று கைக்கு வரும்; எடையோ குறைந்திருக்கும். கரைந்த பொன் அவருடைய கிண்ணத்தில் போய்விடும்.

இவற்றைவிடப் பெரிய தேய்மானம் ஒன்று உண்டு. புதுப் பாணி வந்துவிட்டது என்று பழைய நகையை அழித்துச் செய்வதே அது. ஒவ்வொரு முறையும் சேதாரம், செய்கூலி, வரி என்று பொன் கரைகிறது. பாட்டியின் சங்கிலி இரண்டு தலைமுறையில் பாதியாவது கள்வரால் அன்று, நம் ஆசையால்தான். சிலுவையோ புறாவோ பொறித்த தாலியையும் அடிக்கடி மெருகிடக் கொடுத்தால் அந்த அடையாளமே மழுங்கிப்போகும். 1704-இல் திருத்தந்தையின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணையில் ஆராயப்பட்ட பொருள்களுள் தமிழ்க் கிறிஸ்தவரின் தாலியும் ஒன்று. அத்துணை கருத்தோடு நம் முன்னோர் காத்த சின்னம் அது.

இனி அடகைப் பற்றி ஒரு சொல். யானைக்கவுனிப் பக்கம் நகை வாங்க வருவோரைப் போலவே வைக்க வருவோரும் பலர். மருத்துவச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் நகையை வைப்பதில் இழிவில்லை. ஆபத்துக்கு உதவுவதற்கே அது இருக்கிறது. ஆனால் மனைவி அறியாமல் அவள் கழுத்து நகையை வைப்பது அவளுடைய நம்பிக்கையையே அடகு வைப்பதாகும். 1943-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடகு பிடிப்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். சீட்டும் தர வேண்டும். அச்சீட்டையும், நகையின் எடையையும், தவணை நாளையும் கணவனும் மனைவியும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். 2023 ஏப்ரல் முதல் விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் உள்ள ஆறு எழுத்தெண் அடையாளத்தையும் அதில் குறித்துக்கொள்ளலாம். வட்டி கட்டாமல் ஏலத்தில் போன நகையை எந்தப் பூந்திக்கொட்டை நீரும் மீட்டுத் தராது.

பொன் வைக்கும் இடத்தில் பூ வைத்தாலும் போதும் என்பது நம் தமிழ் வழக்கு. கடன்பட்டு நகை பூட்டிய மணமகளைவிட, கடனின்றிப் பூச்சூடிய மணமகள் மனநிம்மதியோடு பீடத்தை அணுகுவாள். இராயபுரத்திற்குத் தம் பெயரை அளித்த புனித இராயப்பர், தம் முதல் திருமுகத்தில் பொன்னையும் அழியக்கூடியவற்றுள்தான் சேர்க்கிறார். சாந்தமும் அமைதியும் உள்ள மனத்தையே அழியாத அணி என்கிறார். ஆகவே நகையைத் துடைத்து, எடைபோட்டு, பூட்டி வையுங்கள். அந்த நகையை முன்னிட்டு வீட்டில் ஒரு கடுஞ்சொல்லும் எழாதவாறு அதனினும் கருத்தாய்க் காத்துக்கொள்ளுங்கள்.