விசிட்டிங் கார்டு பெட்டியின் மறுவாழ்வு

இப்போதெல்லாம் யாரும் விசிட்டிங் கார்டு நீட்டுவதில்லை, கைபேசியைத்தான் நீட்டுகிறார்கள். மேஜையில் சும்மா கிடந்த விசிட்டிங் கார்டு பெட்டியைத் தூக்கிப்போட மனம் வராமல், இழுப்பறையில் இறைந்து கிடந்த பயண அட்டைகளை அதில் அடுக்கினேன். சிங்கப்பூரின் ஈஸி-லிங்க், லண்டனின் ஆய்ஸ்டர், மூலையில் பென்குவின் நிற்கும் டோக்கியோவின் சுய்க்கா, டெல்லி மெட்ரோ, நம்ம சென்னை மெட்ரோ என ஊருக்கொரு தடுப்பு. பயண அட்டை மூன்று மில்லிமீட்டர் கூடுதல் உயரம். அதனால் மூடி மட்டும் சற்றே வாய்பிளந்து நிற்கிறது. இந்த அட்டைகளுக்குள் பேட்டரி கிடையாது. நிலைய வாசல் கருவியின் காந்தப்புலத்தில் மின்சாரம் பெற்று ஒரு கணம் விழித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். பர்சில் இரண்டை ஒட்டி வைத்தால் இரண்டும் சேர்ந்து விழித்துக் கருவியைக் குழப்பிவிடும்; வாசல் திறக்காது, பின்னால் நிற்பவரின் பெருமூச்சுதான் கேட்கும். அதனால் கிளம்பும்போது தேவையான ஒன்றை மட்டும் உருவிக்கொள்கிறேன். நெருடுவது வேறொன்று: ஒவ்வொரு அட்டையிலும் செலவழிக்காத சில்லறை தூங்குகிறது. ஊருக்கு ஊர் விட்டுவந்த பாக்கி அது. நாடு முழுக்க ஒரே அட்டை என்று 2019இல் தொடங்கிய திட்டத்தின் வழியில் வந்த சிங்கார சென்னை அட்டை, இன்று மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் செல்லுபடியாகிறது. அது எல்லா ஊரிலும் தடையின்றி ஓடத் தொடங்கினால் என் பெட்டி பாதி காலியாகும். ஆகட்டும், ஒரு பயணிக்கு ஒரு அட்டை போதும்.