அற்புதமும் மனமாற்றமும்: ஆதித் திருச்சபை வரலாறு குறித்து ஒரு மறுப்பு

உரோமப் பேரரசிற் கிறித்தவம் பரவிய வரலாற்றைப் பேசப்புகுவோர் இருசாரார். நோயுற்றோர் குணமடைந்தனர், பேய்கள் ஓடின, கண்டோர் விசுவாசித்தனர் என்பர் ஒருசாரார். அறியாமையில் உழன்ற பாமரர் கட்டுக்கதைகளால் ஏமாற்றப்பட்டனர் என்பர் மறுசாரார். முன்னையோர் பக்தியின் பெயராலும் பின்னையோர் பகுத்தறிவின் பெயராலும் பேசுகின்றனர். எனினும் இருவர் கூற்றுக்கும் அடித்தளம் ஒன்றே. மதம் மாறியவன் சிந்திக்கவில்லை. கண்டு மலைத்தான், மலைத்து மாறினான் என்பதே அது. இவ்வடித்தளம் பிழையானது; அப்பிழையின் விளைவுகளோ பாரதூரமானவை.

இக்கருத்துக்கு அறிஞர் ஆதரவும் உண்டு. எட்வேட் கிபன் 1776 இல் வெளியிட்ட தமது பெருநூலின் முதற்றொகுதியிற் கிறித்தவத்தின் வளர்ச்சிக்கு ஐந்து காரணங்களை வகுத்தார். ஆதித் திருச்சபைக்கு உரியதாகக் கருதப்பட்ட அற்புத ஆற்றல் அவற்றுள் ஒன்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரம்சே மக்மலன் 1984 இல், பேயோட்டலும் குணப்படுத்தலுமே மக்களைப் பெரிதும் ஈர்த்தன என வாதிட்டார். அவர் தொகுத்த சான்றுகள் எளிதிற் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயின் அவ்வாதம் ஒரு வினாவுக்கு விடையிறுத்தல் வேண்டும். அக்காலத்தில் அற்புதம் எவரிடம் இல்லை?

கிரேக்க நாட்டின் எபிதவுரசில் அஸ்கிளேப்பியஸ் தெய்வம் நோய் தீர்த்த செய்திகள் கல்லிற் பொறிக்கப்பட்டிருந்தன. பேரரசன் வெஸ்பாசியன் அலெக்சாந்திரியாவிற் குருடன் ஒருவனுக்குப் பார்வை அளித்தான் எனத் தசித்தசும் சுவித்தோனியசும் எழுதிவைத்தனர். இரண்டாம் நூற்றாண்டிற் கிறித்தவத்தைக் கடுமையாகத் தாக்கிய செல்சஸ் கூட, இயேசுவின் அற்புதங்களை நிகழவே முடியாதன எனத் தள்ளவில்லை. எகிப்திற் கற்ற மந்திர வித்தை என இகழ்ந்தான். சந்தையிற் சில காசுக்கு வித்தை காட்டுவோரோடு அவரை ஒப்பிட்டான். ஏறத்தாழ 248 இல் அவனுக்கு மறுப்பெழுதிய ஓரிஜனும், அச்செயல்கள் மனிதரின் ஒழுக்கத்தைத் திருத்தினவா என்பதையே உரைகல்லாகக் கொண்டார். அற்புதம் அக்காலத்திற் பலர் கையிலும் புழங்கிய நாணயம். எல்லாரிடமும் இருந்த ஒன்று, ஒருவர் மட்டும் வென்றமைக்குத் தனிக்காரணம் ஆதல் எங்ஙனம்?

அற்புதங்களாற் பெயர்பெற்றவர் ஒருவரையே சான்றாக எடுத்துக்கொள்வோம். கருங்கடற் கரையை அடுத்த பொந்தசு நாட்டின் ஆயர் கிரகோரியார் ‘அற்புதர்’ என்றே வழங்கப்பட்டவர். அவர் வந்தபோது அந்நகரிற் கிறித்தவர் பதினேழுபேரே இருந்தனர், இறந்தபோது கிறித்தவரல்லாதார் பதினேழுபேரே எஞ்சினர் என்பது மரபுக்கதை. ஆயின் அவர் வாழ்க்கையை அற்புதங்களால் நிரப்பி எழுதிய நீசாவின் கிரகோரியார் ஒரு நூற்றாண்டு பிற்பட்டவர். அற்புதரின் பெயரால் நிலவும், அவர் காலத்து நன்றியுரையோ வேறொரு கதை சொல்கின்றது. சட்டம் பயிலப் புறப்பட்ட அவ்விளைஞர் செசாரியாவில் ஓரிஜனைச் சந்திக்கின்றார். தருக்கம், இயற்கையறிவு, கேத்திரகணிதம், வானியல், ஒழுக்கவியல் ஆகியவற்றைக் கற்கின்றார். மெய்யியலாளரின் நூல்களைப் பயில்கின்றார். அம்மாணவர் ஓரிஜனிடம் ஐந்தாண்டு தங்கினார் என யூசேபியஸ் கூறுவர். நூறு கதைகளில் அற்புதம் நிகழ்த்தியவர், தாம் மனம் மாறியது ஆசிரியர் ஒருவரின் காலடியில் அமர்ந்து கற்றதனாலே என்பது எத்துணைப் பொருள் பொதிந்தது!

கற்றோர்க்கு அது பொருந்தும், கல்லாதார் நிலை என்ன எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. 251 ஆம் ஆண்டளவில் உரோமை ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதமொன்று இதற்கு விடைதரும். அச்சபையில் மூப்பர் 46 பேர், திருத்தொண்டர் எழுவர், பேயோட்டுவோரும் வாசகரும் வாயில்காப்போருமாக 52 பேர் இருந்தனர் என அவர் கணக்குத் தருகின்றார். பேயோட்டுவோர் இருந்தமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயின் அக்கணக்கு அவ்விடத்தில் முடிவதில்லை. கைம்பெண்களும் வறியோருமாக 1500 பேருக்கு மேற்பட்டோரை அச்சபை உணவளித்துத் தாங்கிற்று என்பதே அதன் இறுதிப்பகுதி. அரசின் ஒறுப்புக்கு இலக்காகிய சபையொன்று இதனைச் செய்தது! அதே காலப்பகுதியிற் பேரரசைக் கொள்ளைநோய் வருத்தியபோது, நோயாளரைப் பேணித் தாமும் மடிந்த கிறித்தவர் பற்றி அலெக்சாந்திரியாவின் தியோனீசியார் எழுதினார். அவர் தம்மவரைப் புகழ்கின்றார் எனக் கழித்துவிடலாம். பகைவன் சாட்சியைக் கழிக்க இயலுமா? பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசன் ஜூலியன் 362 அளவில் எழுதியதாக வழங்கும் கடிதம், அவர்கள் தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகின்றனர் என மனம் வெதும்புகின்றது; நகர்தோறும் விடுதிகள் அமைக்கவும் தானியம் பகிரவும் கட்டளையிடுகின்றது. தன் எதிரிகளின் வலிமை எங்கிருந்தது என்பதை அவன் நன்கறிந்திருந்தான்.

இன்னொன்றும் கருதத்தக்கது. இப்பொலித்துசின் பெயரால் வழங்கும் ‘திருத்தூதர் மரபு’ என்னும் நூல், சபையிற் சேர விரும்புவோர் மூன்றாண்டு போதனை பெறவேண்டும் என விதிக்கின்றது. அவர் செய்யும் தொழில் யாது, கைம்பெண்களை மதித்தாரா, நோயாளரைச் சந்தித்தாரா என்றெல்லாம் விசாரித்த பின்னரே திருமுழுக்கு. ஒரு கணத்து மலைப்பையே முதலாகக் கொண்ட இயக்கம் மூன்றாண்டு காத்திருக்குமா?

இனி, நிலைமை மாறிய விதத்தை நோக்குவாம். 212 அளவிற் கார்த்தேச்சின் தெர்த்துல்லியன், சமயத்தை வற்புறுத்தித் திணித்தல் சமயத்தின் இயல்பன்று என ஆளுநனுக்கு எழுதினார். அஃது ஒடுக்கப்பட்டவனின் குரல். 312 இற் கொன்ஸ்தந்தீன் மில்வியன் பாலத்தருகே வென்றான். 380 இற் பேரரசன் தியோடோசியுஸ் பிறப்பித்த ஆணை, ஒரே விசுவாசத்தைக் குடிகள் அனைவர்க்கும் விதித்தது. அதனையடுத்த ஆண்டுகளிற் கோயில்கள் இடிக்கப்பட்டபோது, அந்தியோக்கியாவின் லிபானியஸ், இவ்வாறு மாறியோர் வேடத்தால் மாறினரேயன்றி மனத்தால் மாறினரல்லர் எனப் பேரரசனுக்கே எடுத்துரைத்தான். தெர்த்துல்லியனின் நியாயம் இப்போது மறுதரப்பின் வாயில் ஒலித்தது.

இக்கட்டத்திலே அற்புதக்கதை புதியதொரு தொழிலை மேற்கொண்டது. 418 இல் மினோர்க்காத் தீவின் ஆயர் செவேருஸ் எழுதிய கடிதத்தைப் படிப்போர் இதனைத் தெளியலாம். புனித ஸ்தேவானின் திருப்பண்டங்கள் அத்தீவுக்கு வந்தன. எட்டு நாட்களில் 540 யூதர் மனம் மாறினர். எல்லாம் தெய்வச் செயல் என்கின்றது கடிதம். ஆயின் அதே கடிதம், கிறித்தவர் திரளாக மகோனா நகருக்குச் சென்றதையும், கல்லெறி நிகழ்ந்ததையும், யூதரின் தொழுகைக்கூடம் எரிந்ததையும் கூறுகின்றது. அஞ்சிய சிலர் பாறைகளிடையே ஒளிந்தனர். பெண்கள் சிலர் ஏனையோர் இணங்கிய பின்னரும் எதிர்த்து நின்றனர். எரிந்த கூடத்தின் சாம்பலைத் திருப்பண்டங்களின் ஒளி மறைத்துவிடுமா? முன்னர் வலியற்றோரின் வாய்மொழியாக வழங்கிய அற்புதம், ஈண்டு வலியோரின் வன்முறைக்குப் போர்வையாயிற்று.

ஆதலின், அற்புதமே மக்களை மாற்றியது என்போர் இரு தவறுகளை ஒருங்கே செய்கின்றனர். முதல் மூன்று நூற்றாண்டுகளில் அளந்தறிந்து, ஆபத்தை ஏற்று, புதுநெறி புகுந்த கம்மியரையும் கைம்பெண்களையும் சிந்தனையற்றோர் ஆக்குகின்றனர். நான்காம் நூற்றாண்டின் பின்னர்ச் சட்டத்துக்கும் தீக்கும் அஞ்சி மாறியோரை மனமுவந்து மாறியோராகக் காட்டுகின்றனர். ஏமாற்றப்பட்டனர் என்று நகைக்கும் பகுத்தறிவாளரும் முதற்றவறில் அவர்களின் கூட்டாளிகளே.

மதமாற்றம் பற்றிய விவாதங்கள் நம்மிடையேயும் அடங்கியபாடில்லை. அவற்றிலும், மாறியவன் மயங்கினான் அல்லது விலைபோனான் என்னும் தீர்ப்பு அவனைக் கேளாமலே வழங்கப்படுவதைக் காண்கின்றோம். அவன் எதைக் கண்டான் என்பதோடு, யாரோடு உண்டான், நோயிற் கிடந்தபோது அவன் தலைமாட்டில் இருந்தவர் யார், அவன் வாயிலில் தீவட்டியோடு நின்றவர் எவரேனும் உளரோ என்பனவற்றையும் கேட்டல் வேண்டும். இவ்வினாக்களைக் கேளாத வரலாறு, எப்பக்கத்தார் எழுதினும், மனிதனை விலக்கிய வரலாறேயாகும்.