உழைக்கிற பெண்ணுக்கு உடற்பயிற்சி எதற்கு?

பெண் பிள்ளை பாரம் தூக்கிப் பழகித் தோளும் புஜமும் திரண்டு நின்றால் பார்க்க நன்றாக இராதாம். யாரும் கட்டிக்கொள்ள வரமாட்டார்களாம். இப்படிப் பேசுகிறவர்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் ஏராளம். நிலம் வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, மாதாமாதம் சங்கச் சந்தா கட்டுகிற தோழர்களும் அவர்களில் இருக்கிறார்கள் என்பதுதான் விசேஷம். இன்னொரு சாரார் கொஞ்சம் சமர்த்தாகச் சொல்கிறார்கள்: காடு கழனியில் குனிந்து நிமிர்கிறவளுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு? உழைப்பே பயிற்சிதானே?

இந்த இரண்டாவது பேச்சைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஏனென்றால் அது நியாயம் போலத் தோன்றுகிறது.

கரிசலில் பருத்தி எடுப்பவள் யார்? மக்காச்சோளக் கதிர் ஒடிப்பவள், சின்ன வெங்காயம் பிடுங்கித் தாள் அறுப்பவள், ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கம் முந்திரிக் கொட்டை பொறுக்குகிறவள் யார்? பெரும்பாலும் பெண்தான். பொழுதெல்லாம் குனிந்த முதுகு. வீடு வந்தால் தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, அடுப்பு. இத்தனையும் செய்கிற உடம்பு நாற்பது வயதில் திரண்டா நிற்கிறது? தேய்ந்து நிற்கிறது. பஞ்சாலையில் ஒரு ஷிப்டு முழுவதும் நடந்தே தீர்க்கிற பெண்ணின் கதையும் இதுவே.

காரணம் ஒன்றும் சிதம்பர ரகசியம் அல்ல. தசை வளர வேண்டுமானால் பாரம் சிறிது சிறிதாக ஏற வேண்டும். ஏறிய பின் ஓய்வு வேண்டும். ஓய்ந்திருக்கிற நேரத்தில் தசையைக் கட்டுவதற்குப் புரதம் வேண்டும். வயலில் சுமை உண்டு, ஓய்வு இல்லை. சோறு உண்டு, பருப்பும் முட்டையும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சினால் உண்டு. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை என்று கண்டார்கள். இரத்தத்தில் இரும்பு இல்லாதவள் கையில் இரும்பைக் கொடுத்து என்ன பயன்? சத்துணவில் முட்டை தின்ற பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நின்ற அன்றே முட்டையும் நின்றுவிடுகிறது. ஆகவே கூலிப் போராட்டத்தையும் பயிற்சியையும் வேறு வேறாகப் பார்க்க முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பலம் சேர்த்துக் காட்டினால்தான் சமகூலி என்று நாம் சொல்லவில்லை. செய்த வேலைக்குத்தான் கூலி. 1976லேயே சம ஊதியச் சட்டம் வந்தது. ஆனால் இன்றும் களத்துமேட்டில், "பொம்பளைக்கு ஏது பலம்?" என்று சொல்லித்தானே குறைக்கிறார்கள்! அதே பெண் பலம் சேர்த்தாலோ, "ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவாள்" என்கிறார்கள். ஒரே வாய் இரண்டும் பேசுகிறது.

பாரம் தூக்குவதால் பெண் ஆணாகிவிட மாட்டாள். ஆண் உடம்பில் ஊறுகிற அந்தச் சுரப்பு பெண்ணிடம் மிகவும் கொஞ்சம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்ணின் எலும்பு வேகமாகத் தேய்கிறது. பாரப் பயிற்சி அந்தத் தேய்வைக் குறைக்கிறது. ஆந்திரத்துக் கர்ணம் மல்லேஸ்வரி 2000ல் சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். மணிப்பூரில் சிறுமியாய் விறகு சுமந்த மீராபாய் சானு 2021ல் டோக்கியோவில் வெள்ளி வாங்கினார். விறகு சுமந்த எல்லோரும் பதக்கம் வாங்கவில்லை. பயிற்சியும் உணவும் கிடைத்தவர் வாங்கினார்.

நமது புதுக்கோட்டைச் சாந்தியை மறக்க முடியுமா? செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பிறகு ஒரு பரிசோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். சில காலம் சூளையிலேயே தினக்கூலிக்கு நின்றார். ஓடி ஜெயித்தபோது "நீ பெண்தானா?" என்று கேட்ட உலகம், கல் சுமந்தபோது அப்படிக் கேட்கவில்லை!

நம் இயக்கத்திலும் முன்னோடி உண்டு. தஞ்சைச் சீமையில் மணலூர் மணியம்மை தலைமுடியைக் கத்தரித்து, வேட்டி கட்டி, சிலம்பம் பழகிப் பண்ணையாட்களோடு நின்றார். அவரை "ஆம்பிளை மாதிரி" என்று ஏசியவர்களுக்கெல்லாம் அவர் கைக் கம்பைக் கண்டு பயம் இருந்திருக்கும்.

இளவட்டக்கல்லைத் தூக்கினால் பெண் கொடுப்பார்கள் என்ற வழக்கம் ஆண்களுக்கானது. நெல்லை மாவட்டம் பணகுடி அருகே வடலிவிளையில், பொங்கல் விழாவில் பெண்களே அந்தக் கல்லைத் தூக்குகிறார்கள். இங்கே நம்மால் ஏன் முடியாது? விலை கொடுத்து இரும்புத் தட்டு வாங்க வேண்டியதில்லை. மணல் நிரப்பிய சாக்கு, வாரத்துக்கு ஒரு படி மணல் கூடுதல், தோளுக்கும் தொடைக்கும் மாற்றி மாற்றி, வாரத்தில் மூன்று மாலை. கையில் வேர்க்கடலை ஒரு பிடி. சோகை உள்ளவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுத் தேறி வரட்டும்.

இடத்துக்குச் சங்கக் கொட்டகை இருக்கிறது. மாதர் சங்கத் தோழியர் முன்னின்று நடத்தத் தயாராக இருப்பார்கள். அந்த மூன்று மாலையும் வீட்டில் உலை வைப்பது யார் என்பதை மட்டும் ஆண் தோழர்கள் அடுத்த கிளைக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்ய வேண்டும்.