பழைய ரிவால்வருக்கு எந்தப் பூச்சு?

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ரிவால்வர், அமெரிக்கப் போலீஸ்காரர்களின் இடுப்பில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிய ஆயுதம். 1899-இல் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்ற பெயரில் வந்தது; 1957-இல் மாடல் 10 ஆனது. 60 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. 1980களிலும் 90களிலும் போலீஸ் துறைகள் பிஸ்டலுக்கு மாறியபோது, இவை பழைய துப்பாக்கி விற்கும் கடைகளுக்கும் ஓய்வுபெற்றவர்களின் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஹூஸ்டனில் என் பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்படி ஒன்று இருக்கிறது. போலீஸில் இருந்த அப்பா விட்டுச்சென்றது. நான் முலாம் பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால், “எந்தப் பூச்சு போட்டால் இனித் தேயாது?” என்று கேட்டார். பழைய துப்பாக்கி வைத்திருக்கும் பலருக்கும் உள்ள கேள்வி இது.

சிலிண்டரை வெளியே தள்ளி, தோட்டா எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வெளிச்சத்தில் பார்த்தோம். குழலின் வாய்ப்பக்கத்தில் கருநீலம் போய் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. சிலிண்டர் விளிம்பிலும் அப்படியே. தோல் உறையில் போட்டு எடுத்ததால் வந்த தேய்மானம் அது. கைப்பிடியின் பின்பக்கத்தில் மட்டும் வியர்வை அரித்த ஊசிமுனைக் குழிகள். தேய்மானம் வேறு, அரிப்பு வேறு. எண்ணெய் இட்டு வந்தால், தேய்ந்த இடத்தை அப்படியே விட்டாலும் ஒன்றும் ஆகாது. அரிப்பைக் கவனிக்காமல் விட்டால் அது உள்ளே இறங்கும். பூச்சைப் பற்றி யோசிக்கும் முன் எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பழைய கருநீலத்தைப் பெயின்ட் என்று நினைக்கக் கூடாது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைத்த கரைசலைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கவிட்டு இரும்பை முக்கினால், அதன் மேற்பரப்பே மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. இதுதான் புளூயிங். தடிமன் ஒரு மைக்ரான் அளவுதான். துருவைத் தடுப்பது பெரும்பாலும் அதன்மேல் நிற்கும் எண்ணெய். எண்ணெய் காய்ந்துபோனால், ஹூஸ்டன் போன்ற ஈரக்காற்று ஊரில் விரல் ரேகை பட்ட இடம்கூடப் பழுப்பாகிவிடும். அழகுக்குப் புளூயிங்கை மிஞ்ச ஒன்றுமில்லை. காவலுக்கு அது போதாது. அலுமினியச் சட்டம் உள்ள துப்பாக்கியை இந்தத் தொட்டியில் இறக்கவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும்.

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கப் பிஸ்டல்களில் காணும் மங்கிய சாம்பல் நிறம் பார்க்கரைசிங். மாங்கனீஸ் அல்லது துத்தநாக பாஸ்பேட் படிகங்கள் இரும்பின்மேல் வளர்ந்து, தம் நுண்துளைகளில் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புளூயிங்கைவிட நன்றாகவே உழைக்கும். ஆனால் பளபளவென்று மெருகிட்டுச் செய்த ரிவால்வருக்கு அந்தச் சொரசொரப்பு பொருந்தாது.

நிக்கல் முலாம் பார்க்க லட்சணமானது. ஓரிடத்தில் செதில் பெயர்ந்தால் துரு அடியில் புகுந்து பரவும். அடியில் செம்புப் பூச்சு இருந்தால், செம்புக்கறை நீக்கும் அம்மோனியா திரவம் அதைக் கரைத்து முலாமையே தூக்கிவிடும். தேய்மானத்தைத் தாங்குவதில் ஹார்டு குரோம்தான் நான் அறிந்தவற்றில் முதலிடம். ஆனால் அந்தத் தொட்டியின் அறுமதிப்பு குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. முலாம் ஏறும்போது கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கவைக்கவும் கூடும் என்பதால், பொருளை அடுப்பில் சுட்டு அதை வெளியேற்ற வேண்டும். இதை அரைகுறையாகச் செய்யும் பட்டறையில் எந்தத் துப்பாக்கியையும் கொடுக்காதீர்கள்.

இப்போது பலரும் நாடுவது செராகோட். பீங்கான் துகள் கலந்த பாலிமர் பூச்சு. அலுமினியம் ஆக்சைடு மணலைப் பீய்ச்சி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, தெளித்து, அடுப்பில் சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடுவார்கள். உப்புக்கும் வியர்வைக்கும் அபாரமாகத் தாங்கும். தடிமன் 25 மைக்ரான் வரை வரும். நெருக்கமாக உரசி ஓடும் பாகங்கள் கொண்ட ரிவால்வரில் அந்தக் கணக்கு தெரிந்தவர் கை வேண்டும். தோட்டா அறைகளுக்குள் பூச்சு போகக் கூடாது. கடலோரத்தில் தினமும் இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

எந்தப் பூச்சைத் தேர்ந்தாலும் அதன் ஆயுள் அடித்தளத்தில் இருக்கிறது. பழைய துப்பாக்கி பெரும்பாலும் கெடுவதும் அங்கேதான். குழியை மறைக்க, மெருகு தேய்க்கும் பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் இரும்பே கழிந்துபோகிறது. கூரான விளிம்பு மழுங்கும், திருகுத் துளை கிண்ணம்போல் குழியும், கம்பெனி முத்திரை மங்கும். வரிசை எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமும்கூட. இந்த ரிவால்வரின் சுத்தியலில் பழுப்பும் நீலமும் கலந்த பழைய நிறம் இருக்கிறது. எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்கும்போது வந்த நிறம். புளூயிங் தொட்டியில் போட்டால் அது கறுத்துவிடும். சேகரிப்பாளர்கள் அதைப் பார்த்த உடனே பூச்சு மாற்றப்பட்டது என்று கண்டுகொள்வார்கள். புதுப்பூச்சுக்குப் பணமும் செலவாகி, துப்பாக்கியின் மதிப்பும் குறையும்.

துருவுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியே 1965-இல் வேறொரு விடை கண்டது. மாடல் 60 என்ற துருப்பிடிக்காத எஃகு ரிவால்வர் அது. நாள்தோறும் வியர்வையில் கிடக்கப்போகும் துப்பாக்கி தேவையென்றால் அப்படி ஒன்றை வாங்கலாம். அப்பாவின் துப்பாக்கியை அதற்காகச் சுரண்ட வேண்டியதில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னேன். இந்த ரிவால்வருக்குப் புதுப்பூச்சு வேண்டாம். குழிகளில் உள்ள செந்துருவை எண்ணெய் தோய்த்த மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் மெதுவாக எடுங்கள். தொட்ட பிறகெல்லாம் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் இடுங்கள். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட இரும்புப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

உழைக்கும் துப்பாக்கிக்குக் குரோமோ செராகோட்டோ, உரிமம் பெற்ற நல்ல துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் கொடுத்துத் தாராளமாகப் போடுங்கள். ஒருவரின் உழைப்பில் தேய்ந்து வந்த துப்பாக்கியென்றால் சக்கரத்தில் பிடிக்க விடாதீர்கள். பூச்சை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். தேய்த்து எடுத்த இரும்பைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பட்டறையாலும் முடியாது.