ஆட்டை விற்றால் விளக்கு அணையும்

தஞ்சைப் பெரிய கோயிலை வலம் வரும்போது அதன் கல்வெட்டு வரிகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் சில, நந்தா விளக்குக்காக விடப்பட்ட அறங்களைப் பற்றியவை. சோழர் காலத்தில், இறைவன் திருமுன் இரவும் பகலும் அணையாத விளக்கு ஒன்று எரிய வேண்டும் என விரும்பியவர்கள் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவார்கள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்து வர வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிப்பிடுகின்றன. சாகாத, மூப்படையாத ஆடு உலகில் ஏது? இறந்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகள் சேர்ந்துகொண்டே இருக்கும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையலாகாது. அதுதான் அந்தப் பெயரின் பொருள்.

பணி ஓய்வு பெற்ற குடும்பத்தின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. கைக்கு வரும் வைப்புநிதியும் பணிக்கொடையும் ஆட்டு மந்தை. அதன் வட்டி, விளக்குக்கு ஊற்றும் நெய். இந்த உண்மையை நான் காலம் கடந்தே உணர்ந்தேன். என் பிழையைச் சொன்னால் ஒரு சிலருக்கேனும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

தனியார் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி, 55-ஆம் வயதில் விருப்ப ஓய்வு பெற்றவன் நான். அவ்வளவு பெரிய தொகையை வங்கிக் கணக்கில் அதற்கு முன் கண்டதில்லை. முதல் ஆண்டில் என் கை தாராளமாக நீண்டது. வீட்டுக்கு வர்ணம் பூசினேன். காசி யாத்திரை சென்று வந்தோம். உறவினர் இல்லத் திருமணங்களில் மொய்யை உயர்த்தி எழுதினேன். எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக்கு மனம் குளிரக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு, மகன் நகரத்தில் வீடு வாங்க முன்பணம் போதவில்லை என்றபோது, கேட்ட கணமே 6 லட்சம் ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். என் மனைவி அன்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். நான் அதைக் கவனியாதது போல் இருந்துவிட்டேன்.

8 விழுக்காடு வட்டி என்று கொண்டால், 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய், மாதத்துக்கு 4,000. மந்தையிலிருந்து சில ஆடுகளை ஓட்டிவிட்டேன், நெய் குறைந்தது. ஆனால் குறைவு என் கண்ணுக்குத் தென்படவில்லை. காலையில் காப்பி வந்தது, பிரதோஷத்துக்குப் பூவும் பாலும் போயின, மாதம் தவறாமல் அன்னதானத்துக்கும் கொடுத்து வந்தேன்.

என் மனைவி நாற்பது ஆண்டுகளாக வரவு செலவு எழுதும் பழக்கம் உடையவர். ஒரு நாள் மின்கட்டண ரசீதைத் தேடியபோது அவருடைய கணக்கு நோட்டு கையில் அகப்பட்டது. புரட்டினேன். 'மருந்து' என்ற தலைப்பின் கீழ் என் இரத்த அழுத்த மாத்திரை மாதந்தோறும் இருந்தது. அவருடைய மூட்டுவலி மருந்து நான்கு மாதங்களாக இல்லை. அதே பக்கத்தில், அன்னதானத் தொகை ஒரு ரூபாய் குறையாமல் எழுதப்பட்டிருந்தது.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"கோயிலுக்குக் கொடுப்பதைக் குறையுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? பிள்ளைக்குக் கொடுத்ததையும் சொல்லிக் காட்ட மனமில்லை. வலி பொறுத்துக்கொள்ளக் கூடியதாகத்தான் இருந்தது" என்றார்.

நான் செய்த தருமத்தின் செலவை அவருடைய முழங்கால்கள் தாங்கியிருக்கின்றன. எந்தத் தெய்வமும் அப்படி ஒரு நைவேத்தியத்தைக் கேட்டிருக்காது.

மறுநாள் இருவரும் நோட்டை விரித்து உட்கார்ந்தோம். கோயிலில் செலவுகளைப் பிரிக்கும் முறையையே வீட்டுக்கும் வைத்துக்கொண்டோம். கோயிலில் நித்திய பூஜை உண்டு, ஆண்டு உற்சவம் உண்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திருப்பணியும் கும்பாபிஷேகமும் உண்டு. குடும்பச் செலவும் அதே மூன்று வகைதான்.

நித்தியம் என்பது பால், மளிகை, காய்கறி, மின்சாரம், எரிவாயு, மாத மருந்து. இதைப் பெரும்பாலோர் சரியாகவே கணக்கிடுகிறோம். தவறுவது உற்சவக் கணக்கில். எங்கள் கணக்கு இப்படி வந்தது: மருத்துவக் காப்பீடு 42,000; வீட்டு வரி, குடிநீர் வரி 7,000; தீபாவளி, பொங்கல் 25,000; பெற்றோர் திவசம் 12,000; தல யாத்திரை 24,000; மொய் 10,000. ஆக மொத்தம் 1,20,000. மாதத்துக்கு 10,000 ரூபாய்! இது எதிர்பாராத செலவே அன்று. பஞ்சாங்கத்தில் நாள் குறித்துவிட்டு வருவது. அந்த 10,000 ரூபாயை மாதத்தின் முதல் வாரமே தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுகிறோம். தீபாவளி இப்போது எங்களைத் திடுக்கிட வைப்பதில்லை.

மூன்றாவது, திருப்பணி. மோட்டார் பழுது, மொட்டை மாடி ஒழுக்கு, கண்புரை சிகிச்சை போன்றவை. ஆறு மாத நித்தியச் செலவுக்கு ஈடான தொகையை, உடனே எடுக்கக் கூடிய வைப்பாக இதற்கென வைத்திருக்கிறோம்.

அடுத்தது மந்தையைக் காப்பது. ஆண்டுக்கு 6 விழுக்காடு விலைவாசி உயர்ந்தால், பன்னிரண்டே ஆண்டுகளில் செலவு இரு மடங்காகிவிடும். ஒரு கும்பாபிஷேகத்தின்போது 30,000 ரூபாயில் நடந்த குடும்பத்துக்கு, அடுத்த கும்பாபிஷேகத்தின்போது 60,000 வேண்டும். என் போன்றோர் பெறும் தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி கிடையாது. ஆகையால் வட்டி முழுவதையும் செலவழித்தால், ஆடுகளின் எண்ணிக்கை மாறாதிருந்தும் விளக்கு மங்கும். வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்க்க வேண்டும். குட்டிகளை மந்தையில் விடுவது அதுவே. அந்த ஓய்வூதியத்தை 58 வயதுக்கு முன்பே வாங்கத் தொடங்கினால், முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு நிரந்தரமாகக் குறையும் என்பதையும், முன்கூட்டி ஓய்வு பெறுவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை இடலாம். ஐந்தாண்டுக் காலம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி. 60 வயதானோர்க்கு உரியது என்றாலும், 55 வயது கடந்து ஓய்வு பெற்றவர்களும், ஓய்வுக்காலப் பலன்கள் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். அஞ்சலக மாத வருவாய்த் திட்டத்தில் கணவன் மனைவி கூட்டாக 15 லட்சம் வரை இடலாம். ஒரே வங்கியில் எல்லாவற்றையும் குவிக்க வேண்டா. வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான். அதிக வட்டி தருவதாக வீட்டு வாசலுக்கே வந்து பேசுவோரிடம், "வீட்டில் கலந்து சொல்கிறேன்" என்று விடைகொடுங்கள்.

பிள்ளைகள் கேட்கும்போது மறுப்பது கடினம். நான் மகனிடம் நோட்டையே காட்டினேன். நெடுநேரம் பேசாமல் பார்த்தான். "அப்பா, இதை அன்றைக்கே காட்டியிருந்தால் நான் இன்னும் ஓராண்டு பொறுத்து வீடு வாங்கியிருப்பேனே" என்றான். கொடுத்த பணத்தை உடனே திருப்ப அவனால் இயலவில்லை. மருத்துவக் காப்பீட்டுத் தொகையை அவன் ஏற்றுக்கொண்டான். என் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

தருமத்தை நாங்கள் நிறுத்தவில்லை. அதற்கும் ஓர் அளவு வகுத்து, நித்தியக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டோம். முன்பு கொடுத்ததில் பாதிதான். தொகை எழுதுவது இப்போது என் மனைவி.

இந்த வாரம் நல்ல நாள் ஒன்று பார்த்து, நீங்களும் இருவருமாக உட்காருங்கள். மூன்று வகைச் செலவையும் எழுதுங்கள். வங்கிப் புத்தகங்கள் எங்கே உள்ளன, வாரிசு நியமனம் யார் பெயரில் உள்ளது என்பதை இருவரும் அறிந்திருங்கள். எழுதி முடித்ததும், மருந்து வரியில் இருவர் பெயரும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.